மூணு ரூம் மியூசியம், பதிவேடு கிடையாது, செயலாளர் நான். எங்கிருந்து ஆரம்பிக்கறது?

பரண்மேல்_பூனை:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கோங்க.

ஒரு சின்ன ஊர். அங்க ஒரு வரலாற்றுப் பாதுகாப்பு சங்கம், அந்த சங்கத்துக்கு ஒரு பழைய வீடு, அந்த வீட்டுல மூணு ரூம்ல மியூசியம். மியூசியம்னதும் பெருசா நினைச்சுக்காதீங்க, வாரத்துல ரெண்டு நாள் திறப்போம், யாராவது வந்தா லைட்டு போடுவோம், அவ்ளோதான். போன பொதுக்குழுல செயலாளர் பதவிக்கு யாரும் கை தூக்கல, நான் தண்ணி குடிக்க எழுந்தேன், எழுந்தவங்கதான்னு என் பேரை எழுதிட்டாங்க.

பிரச்சனை என்னன்னா பதிவேடுன்னு ஒண்ணே இல்ல. இத்தனை வருஷமா எல்லாத்தையும் பாத்துக்கிட்டது ஒரே ஒரு பெரியவர். எது யார் வீட்லருந்து வந்துச்சு, எப்போ வந்துச்சு, அதுக்கு என்ன கதை எல்லாமே அவர் தலைக்குள்ளதான். இப்ப அவருக்கு வயசு 84, காது மந்தம், சில நாள் பளிச்சுன்னு பேசறார், சில நாள் என்னையே நீ யாருன்னு கேக்கறார்.

இந்த நேரம் பாத்து ஒரு குடும்பம் வந்து நிக்குது. "எங்க தாத்தாவோட சுவர்க் கடிகாரத்தை இரவலாத்தான் கொடுத்தோம், திருப்பிக் கொடுங்க"ங்கறாங்க. கமிட்டில பாதி பேர் அது நன்கொடைதான்ங்கறாங்க, மீதி பேர் வம்பு எதுக்கு குடுத்துத் தொலைங்கங்கறாங்க. காகிதம்னு ஒரு துண்டு கிடையாது.

கமிட்டில யோசனைக்கு மட்டும் பஞ்சமே இல்ல. ஒருத்தர் முதல்ல பெயின்ட் அடிச்சு புது ஷோகேஸ் போடணும்ங்கறார், ஒருத்தர் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி நெட்ல ஏத்தணும்ங்கறார், இன்னொருத்தர் பழைய லெட்டர் போட்டோ எல்லாத்தையும் லேமினேட் பண்ணிட்டா நூறு வருஷத்துக்கு கவலையில்லைங்கறார். வேலை செய்ய ஆள் நாலு பேர், அதுலயும் ரெண்டு பேர் பேசறதுக்குன்னே வர்றவங்க. அனுபவம் உள்ளவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, முதல் நாள் காலைல போய் கதவைத் திறந்ததும் நான் என்ன பண்ணணும்?

ரெஜிஸ்டர்_அக்கா:

பூனைன்னு பேர் வச்சிருக்கீங்க, தம்பியா தங்கச்சியான்னு தெரியல, எதுவா இருந்தாலும் முதல்ல அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போங்க. மியூசியம் கதவை அப்புறம் திறந்துக்கலாம். பெயின்ட், ஷோகேஸ், ஸ்கேனர் எல்லாம் அடுத்த வருஷமும் கிடைக்கும், அவர் ஞாபகம் கிடைக்காது.

நான் இந்த வேலைல இருபது வருஷத்துக்கு மேல இருக்கேன், பெரிய மியூசியம் சின்ன மியூசியம் ரெண்டும் பாத்தாச்சு. கனடாவுல அரசாங்கத்தோட கன்சர்வேஷன் இன்ஸ்டிட்யூட் ஒண்ணு இருக்கு, அவங்க ஒரு பொருளைக் கெடுக்கற காரணங்களை பத்தா பிரிச்சு வச்சிருக்காங்க. தீ, தண்ணி, திருட்டு, பூச்சி, வெளிச்சம், ஈரப்பதம்னு நமக்குத் தெரிஞ்சதுதான் எல்லாம், ஆனா அந்தப் பத்துல ஒண்ணு தகவல் பிரிஞ்சு போறது. அதாவது பொருள் பத்திரமா இருக்கும், அது யாரோடது எங்கிருந்து வந்ததுங்கறது மட்டும் காணாம போயிருக்கும். தீ வச்ச மாதிரிதான் அதுவும். உங்க வீட்டுல இப்ப எரிஞ்சுக்கிட்டிருக்கறது அதுதான்.

அவர்கிட்ட போய் "மியூசியம் பத்தி சொல்லுங்க"ன்னு உக்காராதீங்க, ஒண்ணும் வராது, இல்ல திறப்பு விழாவுக்கு யார் யார் வந்தாங்கன்னு மட்டும் வரும். பொருளைக் கையில கொண்டு போங்க, முடியாததுக்கு பெரிய சைஸ்ல போட்டோ பிரின்ட் எடுத்துட்டு போங்க. காலைல போங்க, அரை மணி நேரத்துக்கு மேல வேண்டாம். போன்ல ரெக்கார்ட் பண்ணும்போது ஆரம்பத்துலயே தேதியும் எந்தப் பொருள்ங்கறதையும் நீங்க வாயால சொல்லிடுங்க, இல்லாட்டி ஆறு மாசம் கழிச்சு கேக்கும்போது "இது அவங்க கொடுத்தது"ன்னு குரல் கேக்கும், எது இதுன்னு தெரியாது. எழுதும்போது "இன்னார் சொன்னது"ன்னே எழுதுங்க. அவர் சொல்லிட்டார்ங்கறதுக்காக அது உண்மைன்னு ஆகிடாது, ஆனா அவர் சொன்னார்ங்கறது உண்மைதானே.

அப்புறம்தான் எண்ணிக்கை. ஒரு ரூம், ஒரு மூலை, இடது கைப் பக்கத்துலருந்து ஆரம்பிச்சு வரிசையா. எதையும் துடைக்காதீங்க, சுத்தியிருக்கற பேப்பரைத் தூக்கிப் போடாதீங்க, ஒவ்வொண்ணையும் திருப்பிப் பாருங்க. நான் வேலை பாத்த ஒரு இடத்துல ஒரு பெரிய இரும்புப் பூட்டு இருந்துச்சு, பின்பக்கம் தபால்தலை அளவுக்கு ஒரு காகிதம் ஒட்டி, பழுப்பு மசில ரெண்டு வரி. நான் லீவுல இருந்தப்போ ஆர்வக்கோளாறு ஒருத்தர் அந்தப் பூட்டை எண்ணெய்ல ஊற வச்சு தேய்ச்சு பளபளன்னு ஆக்கி என் மேஜை மேல வச்சிருந்தார், சர்ப்ரைஸாம். காகிதம் கூழாப் போய் துணியோட குப்பைக்குப் போயிடுச்சு. அந்த ரெண்டு வரியை யாரும் காப்பி எடுக்கல. இப்பவும் அந்தப் பூட்டு அங்கதான் இருக்கு, கீழ "பூட்டு, இரும்பு"ன்னு ஒரு லேபிள்.

நம்பர் போடற முறைக்கு ரொம்ப யோசிக்காதீங்க, உலகம் பூரா சின்ன மியூசியங்க போடற மாதிரி 2019.4.12ன்னு போடுங்க, 2019ல வந்த நாலாவது நன்கொடைல 12வது பொருள். எப்போ வந்ததுன்னே தெரியாததுக்கு குத்துமதிப்பா வருஷம் போடவே கூடாது, எண்ணும்போது கிடைச்சதுன்னு தனி வரிசை வச்சுக்கோங்க, பின்னாடி ஆதாரம் கிடைச்சா அந்த இடத்துலயே எழுதிக்கலாம், நம்பரை மாத்தாதீங்க. கெட்டி பைண்டிங் போட்ட நோட்டு ஒண்ணு, கம்ப்யூட்டர்ல ஒரு ஷீட் ஒண்ணு, ரெண்டும் வேணும். எந்த ரூம் எந்த அலமாரி எந்தத் தட்டுங்கறதை மறக்காம எழுதுங்க, பேரைவிட அதுதான் தினமும் உதவும். ஸ்டோர் ரூம் ரொம்ப நெரிசல்னா ரோம்ல இருக்கற இக்ரோம் அமைப்போட ரீ-ஆர்க் முறையைத் தேடிப் பாருங்க, சின்ன மியூசியத்துக்குன்னே படிப்படியா போட்டது, இலவசம்.

கடிகாரத்துக்கு இப்ப ஆமாவும் சொல்லாதீங்க இல்லையும் சொல்லாதீங்க. "பதிவுகளைத் தேடிக்கிட்டிருக்கோம், உங்ககிட்ட ஏதாவது லெட்டர், போட்டோ இருந்தா காட்டுங்க"ன்னு எழுத்துல கொடுங்க, வாய்ல இல்ல. பழைய கூட்டக் குறிப்பு நோட்டு, வரவு செலவு நோட்டு, பார்வையாளர் புத்தகம், அழைப்பிதழ் எல்லாம் தோண்டுங்க. சட்டம் இடத்துக்கு இடம் வேற, ஒரு வக்கீல்கிட்ட கேட்டுக்கறது நல்லது. இனிமே எது வந்தாலும் நன்கொடைப் பத்திரம் ரெண்டு காப்பி, கொடுக்கறவங்க கையெழுத்து, இது என் சொத்துதான், நிபந்தனை இல்லாம கொடுக்கறேன்னு தெளிவா. போட்டோவா இருந்தா காப்பிரைட்டையும் சேத்து எழுதுங்க. "நிரந்தர இரவல்"னு யாராவது சொன்னா கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிடுங்க. இரவல்னா திரும்பற தேதி இருக்கணும், தேதி இல்லாத இரவல்தான் இன்னிக்கு உங்க கழுத்துல கடிகாரமா தொங்குது.

ஆவணப்பூச்சி:

லேமினேட்னு படிச்சதும் நெஞ்சு பக்குன்னுச்சு. தயவு செஞ்சு வேண்டாம். சூடும் பசையும் சேந்து பேப்பரோட ஒட்டிக்கிச்சுன்னா அவ்ளோதான், பேப்பர் கிழியாம பிரிக்க முடியாது. இந்தத் தப்பைப் பெரிய ஆவணக்காப்பகங்களே பண்ணியிருக்கு. அமெரிக்காவுல வில்லியம் பாரோன்னு ஒருத்தர் 1930கள்ல செல்லுலோஸ் அசிடேட்ங்கற பிளாஸ்டிக் தாள் வச்சு லேமினேட் பண்ற முறையைக் கொண்டு வந்தார், எத்தனையோ பழைய ஆவணங்களை அதுல போட்டாங்க, பின்னாடி வந்தவங்க கரைப்பான்ல ஊற வச்சு ஒவ்வொண்ணா பிரிச்சுக்கிட்டு உக்காந்தாங்க. உங்களுக்கு வேணும்னா பாலியஸ்டர் பிளாஸ்டிக் உறை போதும், உள்ள சொருகினதை வெளிய எடுக்க முடியணும், அதான் கணக்கு. பி.வி.சி. உறை வேண்டாம், கொஞ்ச நாள்ல பிசுபிசுக்கும். செல்லோடேப், ஸ்டேப்ளர், ரப்பர் பேண்ட் மூணையும் கட்டடத்தை விட்டே வெளிய போடுங்க. டேப்போட பசை மஞ்சளாகி பேப்பருக்குள்ள இறங்கிடும், டேப் உதிந்தாலும் கறை போகாது.

வெளிச்சம்: காகிதம், துணி, போட்டோவுக்கு 50 லக்ஸ் தாண்டக் கூடாதுன்னு பொதுவா வச்சிருக்காங்க, அது ஒரு மங்கலான ரூம். வெளிச்சத்தால வர்ற சேதம் சேந்துக்கிட்டே போகும், திரும்பாது. ஆள் வந்தா மட்டும் லைட்டு போடறதா சொன்னீங்களே, கஞ்சத்தனமா பண்ணினாலும் அதுதான் நீங்க இதுவரைக்கும் பண்ணதுலயே பெரிய பாதுகாப்பு வேலை. ஜன்னலுக்கு மட்டும் கனமா திரை போடுங்க. ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினா பூஞ்சை கிளம்பும், ஒரு சின்ன மீட்டர் வாங்கி வைங்க, அலமாரியை வெளிச்சுவரோட ஒட்டி வைக்காதீங்க.

பூச்சிக்கு அந்துருண்டை வேண்டாம், அது உங்க நுரையீரலுக்கும் கெடுதல், சில பிளாஸ்டிக்கையும் இளக்கிடும். துணி, புத்தகம்னா பாலிதீன் பைல காத்துப் போகாம கட்டி ஃப்ரீசர்ல மைனஸ் 20ல ரெண்டு வாரம், எடுத்ததும் பையைப் பிரிக்காம ஒரு முழு நாள் வெளிய விடணும், இல்லாட்டி பொருள் மேல தண்ணி முத்து கோத்துக்கும். ஓவியம், கண்ணாடி நெகட்டிவ், மரத்துல வேற பொருள் பதிச்சதெல்லாம் ஃப்ரீசர் பக்கமே போகக் கூடாது.

இன்னொண்ணு, இதை யாரும் சொல்ல மாட்டாங்க. பழைய மியூசியத்துல சில பொருள் ஆளைக் கொல்லும். பதம் பண்ணின விலங்குத் தலை ஏதாவது இருந்தா ஆர்செனிக் இருக்கும்னே வச்சுக்கோங்க, அந்தக் காலத்துல பூச்சி வராம இருக்க அதைத்தான் தடவினாங்க. இருட்டுல ஒளிர்ற முள்ளு, எண்ணு உள்ள பழைய டைம்பீஸ் இருந்தா ரேடியம் பெயின்டா இருக்கலாம், ஒளிர்றது நின்னு போயிருந்தாலும் கதிர்வீச்சு நிக்காது, கண்ணாடியைத் திறக்காதீங்க. 1950களுக்கு முந்தின ஃபிலிம் சுருள் இருந்தா நைட்ரேட்டுங்கற, சுலபமா தீப்பிடிக்கற வகையா இருக்க வாய்ப்பு உண்டு, பத்திக்கிச்சுன்னா தண்ணிக்குள்ளயும் எரியும். சுருள்லருந்து வினிகர் வாடை வந்தா அது அசிடேட்ங்கற வேற வகை ஃபிலிம், ஆபத்து இல்ல ஆனா செத்துக்கிட்டிருக்குன்னு அர்த்தம்.

பரண்மேல்_பூனை:

ஐயோ. எங்க ஆபீஸ் ரூம் வாசல்ல ஒரு மான் தலை இருக்கு. தினமும் உள்ள போகும்போது அது நெத்தியைத் தடவிட்டுத்தான் போவேன், ராசின்னு. இப்பதான் கை கழுவிட்டு வந்து டைப் பண்றேன்.

அப்புறம் ஒண்ணு ஒத்துக்கணும், நான் இங்க கேள்வி போடறதுக்கு முன்னாடியே நம்ம லேமினேஷன் ஆளு 11 போட்டோவை முடிச்சிட்டார். பிரிச்சுப் பாக்கவா?

ஆவணப்பூச்சி:

தொடாதீங்க!! அப்படியே தனி டப்பால போட்டு, எந்தத் தேதில யார் பண்ணதுன்னு சீட்டு எழுதி, இருட்டா குளுமையா இருக்கற இடத்துல வைங்க. நெகட்டிவ் எங்கயாவது இருக்கான்னு தேடுங்க. மான் தலையை கையுறை போட்டு எடுத்து பாலிதீன்ல சுத்தி, மேல "விஷம்"னு எழுதி உயரத்துல வச்சிடுங்க. ராசிக்கு வேற ஏதாவது பாத்துக்கலாம்.

சும்மா_கேக்கறேன்:

எல்லாரும் நம்பரு நோட்டுன்னு பேசறீங்க, ஒருத்தராவது கூரையைப் பத்திக் கேட்டீங்களா? பழைய வீடுன்னு சொல்றாங்க. மழைத்தண்ணி இறங்கற குழாய்ல இலை அடைச்சிருந்தா ஒரே ராத்திரில அக்கா சொன்ன நோட்டும் நனையும் கணினியும் நனையும். அது மியூசியம் மட்டும் இல்ல, பாதுகாப்பு சங்கம்னும் சொல்றாங்க, அப்ப அந்த வீடுதான் முதல் பொருள், அதுக்குத்தான் நம்பர் ஒண்ணு போடணும்.

இந்த மாதிரி சங்கங்களே வீட்டுக்காகத்தான் ஆரம்பிச்சது. ஜார்ஜ் வாஷிங்டனோட மவுண்ட் வெர்னன் வீடு பாழாகிக் கிடந்தப்போ ஆத்துல படகுல போன ஒரு அம்மா அதைப் பாத்து மகளுக்கு லெட்டர் எழுதறாங்க, அந்தப் பொண்ணு ஆன் பமேலா கன்னிங்காம், உடம்பு முடியாதவங்க, 1853ல பெண்களைச் சேத்து சங்கம் ஆரம்பிச்சு, அரசாங்கம் வாங்க மாட்டேன்னு கைவிரிச்ச வீட்டை 1858ல ரெண்டு லட்சம் டாலருக்கு பேசி முடிச்சாங்க. இன்னிக்கும் அந்த சங்கம்தான் அதை வச்சிருக்கு. இங்கிலாந்துல வில்லியம் மோரிஸ்ங்கற கவிஞர் 1877ல பழைய கட்டடப் பாதுகாப்புக்கு சங்கம் வச்சதே, புதுப்பிக்கறேன்னு சுரண்டித் தள்றவங்ககிட்டருந்து கட்டடத்தைக் காப்பாத்தத்தான். தினசரி சின்னச் சின்னப் பராமரிப்பு பண்ணு, பெரிய ரிப்பேரே வராதுங்கறதுதான் அவங்க சொன்னது. அதனால அந்த பெயின்ட் அடிக்கச் சொன்ன கமிட்டி ஆளை ஏணி கொடுத்து கூரை மேல ஏத்துங்க. பழைய சுண்ணாம்புச் சுவரா இருந்தா பிளாஸ்டிக் பெயின்ட் அடிக்க விட்டுடாதீங்க, உள்ள இருக்கற ஈரம் வெளிய வர வழியில்லாம சுவர் ஊறி உதிரும்.

இன்னொரு கேள்வி, உண்மையச் சொல்லுங்க, எத்தனை தையல் மிஷின் வச்சிருக்கீங்க?

பரண்மேல்_பூனை:

ஒன்பது. டைப்ரைட்டர் ஆறு. ரேடியோ நான் எண்ணல. எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?

சும்மா_கேக்கறேன்:

எந்த சின்ன மியூசியத்துக்குப் போனாலும் இதேதான். வீடு காலி பண்றவங்களுக்கு தூக்கிப் போட மனசு வராது, உங்ககிட்ட தள்ளிட்டு நிம்மதியாப் போயிடுவாங்க, நீங்களும் வேண்டாம்னு சொல்லக் கூச்சப்பட்டு வாங்கி வச்சிருப்பீங்க. எதை வாங்குவோம் எதை வாங்க மாட்டோம்னு ஒரே பக்கத்துல கொள்கை எழுதி கமிட்டில பாஸ் பண்ணி சுவத்துல மாட்டுங்க, அப்புறம் "நான் ஆசைப்படறேங்க, ரூல் விடமாட்டேங்குது"ன்னு சொல்லிக்கலாம். ஒன்பதுல கதை உள்ள ஒண்ணு ரெண்டை வச்சுக்கிட்டு மீதியை முறைப்படி கழிக்கலாம். முறைப்படின்னா கமிட்டி தீர்மானம், காரணம் எழுதி, முதல்ல வேற மியூசியத்துக்கோ பள்ளிக்கூடத்துக்கோ கேட்டுட்டு. கமிட்டி உறுப்பினர் வீட்டுக்கு மட்டும் ஒண்ணுகூட போகக் கூடாது, போச்சுன்னா அடுத்த நாள்லருந்து ஊர்ல ஒருத்தரும் உங்களை நம்பி ஒரு குண்டூசி கொடுக்க மாட்டாங்க.

ரெஜிஸ்டர்_அக்கா:

கூரை விஷயம் சரிதான், ஒத்துக்கறேன், அது என் தப்பு. ஆனா கழிக்கறது எல்லாம் பதிவு முடிஞ்சப்புறம். எது யாரோடதுன்னு தெரியாம தையல் மிஷினைக் கழிச்சீங்கன்னா அடுத்த வாரம் கடிகாரக் குடும்பம் மாதிரி இன்னொரு குடும்பம் வாசல்ல நிக்கும்.

ஸ்கேன்_மச்சான்:

ஸ்கேன் பண்ண ஆசைப்படற உங்க ஆளு கெட்டவர் இல்ல, அவசரப்படறார், அவ்ளோதான். ஃபைல் பேரு என்ன வைப்பார், அக்காவோட அந்த நம்பரைத்தானே? நம்பர் இல்லாம ஸ்கேன் பண்ணா "புது போட்டோ இறுதி 2"ன்னு நாலாயிரம் ஃபைல் இருக்கும், பொருள் எதுன்னு தெரியாது. நம்பர் வந்ததும் 600 டி.பி.ஐ.ல (ஸ்கேனர்ல நுணுக்கத்தை வைக்கற அளவு), தரம் குறையாத டிஃப் வகைப் பட ஃபைலா வைங்க, பின்பக்கமும் ஸ்கேன் பண்ணுங்க, எழுத்து அங்கதான் இருக்கும். மூணு காப்பி, அதுல ஒண்ணு வேற கட்டடத்துல. பிரேசில் தேசிய மியூசியம் 2018 செப்டம்பர் 2ம் தேதி ராத்திரி எரிஞ்சது, இருநூறு வருஷத்துச் சேகரிப்பு, பேச ஆளில்லாத பழங்குடி மொழிகளோட ஒலிப்பதிவு வரைக்கும் போச்சு. அப்புறம் மாணவர்கள்தான் முன்னாடி சுத்திப் பாக்க வந்தவங்ககிட்ட உங்க போன்ல போட்டோ இருந்தா அனுப்புங்கன்னு கேட்டு வாங்கினாங்க. உங்க பதிவேட்டையே பக்கம் பக்கமா போன்ல போட்டோ எடுத்து வேற ஒருத்தர் வீட்டுல வைங்க, அதுக்கு அஞ்சு நிமிஷம்தான் ஆகும்.

பரண்மேல்_பூனை:

மூணு வாரம் கழிச்சு வர்றேன், திட்டாதீங்க.

குழாய் அடைச்சிருந்தது உண்மை. இலை மட்டும் இல்ல, ஒரு டென்னிஸ் பந்தும் இருந்துச்சு, அதுக்கும் நம்பர் போடலாமான்னு கமிட்டில ஒருத்தர் கேட்டார்.

பெரியவர்கிட்ட அஞ்சு தடவை போயிட்டேன். அக்கா சொன்ன மாதிரியே பொருளைக் கையில கொடுத்தா அவர் வேற ஆளா ஆகிடறார். ஒரு சின்ன தராசைக் கொடுத்தேன், தட்டை நகத்தால ஒரு தட்டு தட்டி காதுகிட்ட வச்சார், காது கேக்காத மனுஷன், "இதுல ஒரு தட்டு மாத்தினது, அந்தக் கடைக்காரன் எடை குறைக்கறான்னு சண்டை வந்தப்ப புதுசு போட்டான்"னார். திருப்பிப் பாத்தா ரெண்டு தட்டுக்கும் கொக்கி நிஜமாவே வேற வேற. "சொன்னது இன்னார்"னு எழுதியிருக்கேன். இதுவரைக்கும் 63 பொருள் முடிஞ்சது.

கடிகாரத்தைப் பத்தி மட்டும் அவருக்கு ஒண்ணும் வரல. கூட்டக் குறிப்பு நோட்டுல ஒரு வரி கிடைச்சது, "சுவர்க் கடிகாரம் பெறப்பட்டது, நன்றி தெரிவிக்கப்பட்டது." அவ்ளோதான். இரவல்னும் இல்ல நன்கொடைன்னும் இல்ல. அந்த வரியையே காப்பி எடுத்து குடும்பத்துக்கு அனுப்பினோம். இப்ப என்னன்னா அண்ணன் திருப்பிக் கொடுங்கங்கறார், தம்பி தனியா போன் பண்ணி எக்காரணம் கொண்டும் கொடுத்துடாதீங்க, அப்பா மியூசியத்துக்குன்னுதான் கொடுத்தார்ங்கறார். என்ன பண்றது?

ரெஜிஸ்டர்_அக்கா:

63 நல்ல எண்ணிக்கை, நிறுத்திடாதீங்க. கடிகாரம் இருக்கற இடத்துலயே இருக்கட்டும். ரெண்டு பேருக்கும் ஒரே லெட்டர், ஒரே நாள்ல: வாரிசுகள் எல்லாரும் சேந்து கையெழுத்துப் போட்டு ஒரே முடிவைக் கொடுத்தா அதை கமிட்டில வச்சு முடிவு எடுக்கறோம், அதுவரைக்கும் பத்திரமா வச்சிருப்போம். தனித்தனியா போன்ல பேசாதீங்க, பேசினா தேதி போட்டுக் குறிச்சு வைங்க. ஒருத்தர்கிட்ட கொடுத்தீங்கன்னா இன்னொருத்தர் சங்கத்து மேல பாய்வார்.

பரண்மேல்_பூனை:

சரிங்க அக்கா. கடைசியா ஒண்ணு, துணிக்கு நம்பர் எப்படிப் போடறது? இரும்புக்கு பாராலாய்டுங்கற, வார்னிஷ் மாதிரி இருக்கற பிசினை ஒரு பூச்சு பூசி அது மேல எழுதி மறுபடி ஒரு பூச்சுன்னு படிச்சேன், துணிக்கு அது ஆகாதுல்ல?

ரெஜிஸ்டர்_அக்கா:

ஆகாது. வெள்ளைப் பருத்தி நாடாவுல அழியாத மைல எழுதி, துவைச்சு மை இறங்கலைன்னு பாத்துட்டு, ஓரத்து மடிப்புல ரெண்டே தையல், தொளதொளன்னு. பின் குத்தாதீங்க.